பதவி போன பிறகு வரும் பதினோரு அழைப்புகள்

கேள்வி:

எனக்கு வயது 46. தமிழில் எம்.ஏ. முடித்து நாகர்கோவிலில் மூன்று ஆண்டுகள் நிருபராக இருந்தேன். பிறகு 14 ஆண்டுகள் ஓர் அரசியல் தலைவரின் ஊடகப் பொறுப்பாளர். அவர் பதவியில் இருந்த காலத்தில் மக்கள் தொடர்பு வேலை முழுவதும் என் கையில்தான் இருந்தது. இப்போது அவருக்குப் பதவி இல்லை, எனக்கு வேலை இல்லை. அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லாததால் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தக்கலைப் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். ஊடக ஆலோசகராகத் தொழில் தொடங்கலாம் என்று எண்ணம். மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: ஒரு தனியார் மருத்துவமனை, ஒரு பொறியியல் கல்லூரி, அடுத்த சட்டமன்றத் தேர்தலில் நிற்க நினைக்கும் ஒருவர். எவ்வளவு கட்டணம் கேட்பது? பழைய கட்சி அடையாளத்தைச் சொல்வதா, மறைப்பதா? நிருபர்களுக்குப் பணம் வைத்துக் கவர் கொடுக்கும் வழக்கத்தை என்ன செய்வது?

முன்பு ஒரு நாளைக்கு எழுபது அழைப்புகள் வரும். போன வாரம் முழுவதும் சேர்த்துப் பதினொன்று. நான்கு பேர் கடன் அட்டை விற்கிறவர்கள். மூன்று பேர் நிலவரம் தெரியாமல் இடமாற்றத்துக்குச் சிபாரிசு கேட்டவர்கள். ஒருவர் தலைவரின் உதவியாளர், முகநூல் பக்கத்தின் பாஸ்வேர்டு கேட்டார். இருவர் நிருபர்கள். ஒருவர் கட்சிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டார், "பெயர் போடமாட்டேன்" என்றார். இன்னொருவர் அம்மாவை விசாரித்தார். மிச்சம் ஒன்று சின்னத்துறை என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒரு படகுக்காரர். ஒக்கி புயல் நேரத்தில் தலைவருடன் அங்கே போயிருந்தபோது, கரை திரும்பாத படகுகளின் பட்டியலைப் பங்குத்தந்தையிடம் வாங்கித் தட்டச்சு செய்து நிருபர்களுக்கு அனுப்பினேன். அப்போது ஏற்பட்ட பழக்கம். இது கேள்விக்குத் தொடர்பில்லாதது. என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கே. முகநூல், யூடியூப், மின்னஞ்சல், நீங்கள் அட்மினாக இருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒப்படைத்த தேதியைப் போட்டு, வாங்குகிறவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்தில் யாராவது ஏடாகூடமாக எதையாவது போட்டால், "பழைய ஆள்தான் போட்டிருப்பான்" என்ற பேச்சு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

உங்கள் மடிக்கணினியில் கிடக்கும் தொலைபேசிப் பட்டியல்களுக்கும் இதே கதைதான். வாக்குச்சாவடி முகவர்கள், மனு கொடுத்தவர்கள், நலத்திட்டப் பயனாளிகள் என்று எத்தனையோ இருக்கும். அவை கட்சி சேர்த்தவை, அல்லது அரசு அலுவலகம் சேர்த்தவை. உங்களுடையவை அல்ல. கல்லூரிக்காரர் முதல் சந்திப்பிலேயே "உங்களிடம் எத்தனை நம்பர் இருக்கிறது?" என்று கேட்பார், பாருங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. ஒரு காரியத்துக்காக ஒருவர் கொடுத்த எண்ணை, அவரைக் கேட்காமல் இன்னொரு காரியத்துக்கு எடுப்பதைத்தான் அந்தச் சட்டம் தடுக்கப் பார்க்கிறது. சட்டம் கிடக்கட்டும். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்த பாட்டியின் எண்ணுக்குப் பொறியியல் சேர்க்கை விளம்பரம் போவதை நினைத்துப் பாருங்கள்.

"பெயர் போடமாட்டேன்" என்ற நிருபர் போடமாட்டார்தான். போடத் தேவையும் இல்லை. நான்கு பேர் இருந்த அறையில் நடந்தது வெளியே வந்தால், சொன்னது யார் என்று மற்ற மூவருக்கும் தெரியும். சஞ்சய பாரு 2004 முதல் 2008 வரை பிரதமர் மன்மோகன் சிங்கின் ஊடக ஆலோசகராக இருந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 2014 மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது வெளிவந்தது. பிரதமர் அலுவலகமே மறுப்பறிக்கை விடவேண்டி வந்தது. அவர் எழுதியது சரியா தவறா என்பது வேறு வழக்கு. ஆனால் அவர் ஏற்கெனவே பெரிய பத்திரிகைகளில் ஆசிரியராக இருந்தவர். திரும்பிப் போக இன்னொரு வாழ்க்கை இருந்தது. தக்கலையில் உங்களுக்கு இருப்பது இது ஒன்றுதான். பழைய தலைவரைப் பற்றி நீங்கள் சாயாக்கடையில் என்ன பேசுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் மருத்துவமனைக்காரர் தன் ரகசியத்தை உங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

இடமாற்றம் கேட்ட மூன்று பேரிடமும் "என்னால் ஆகாது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். "பார்க்கிறேன்" என்று சொல்லிப் பழகிய வாய் நம்முடையது; அதை மாற்றுவது கடினம், எனக்குத் தெரியும். ஆனால் ஒருவருக்குச் செய்துகொடுத்துவிட்டால் அன்றோடு நீங்கள் ஆலோசகர் அல்ல, தரகர். மத்திய அரசின் குரூப் ஏ அதிகாரிகள் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் வணிக நிறுவனத்தில் சேர வேண்டுமென்றால் முன் அனுமதி பெற வேண்டும். நீங்கள் நிரந்தர அரசு ஊழியர் அல்ல, அந்த விதி உங்கள்மேல் பாயாது. இருந்தாலும் அந்த ஓராண்டை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ளுங்கள். தலைவர் கவனித்த துறையின் வாசலில் எந்த வாடிக்கையாளருக்காகவும் போய் நிற்காதீர்கள். பழைய முகம் என்று உள்ளே விட்டுவிடுவார்கள். அதுதான் கெடுதல். ஒருமுறை கதவு திறந்துவிட்டால் வாடிக்கையாளர் அதற்குத்தான் பணம் தருவார், உங்கள் எழுத்துக்குத் தரமாட்டார். அந்தக் கதவும் அடுத்த ஆட்சியில் மூடிக்கொள்ளும்.

நானும் ஒன்பது ஆண்டுகள் ஒரு தலைவருக்கு அறிக்கை எழுதியவன். பிறகு இருபத்திரண்டு ஆண்டுகளாக நாகர்கோவிலில் இந்தத் தொழில். இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் தங்களிடம் இருக்கும் சரக்கு தொடர்புகள் என்றே நினைக்கிறார்கள். அது பதவியோடு வந்தது, பதவியோடு போய்விட்டது. எழுபது பதினொன்றான கணக்கு அதைத்தான் காட்டுகிறது. அதில் உங்கள் குறை எதுவும் இல்லை. உண்மையான சரக்கை நீங்கள் "தொடர்பில்லாதது" என்று கடைசியில் எழுதித் தள்ளியிருக்கிறீர்கள்.

ஒக்கி 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலை ஒட்டிக் கடந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள். புயல் வருகிறது என்ற செய்தி கரையில் பரவியபோது அவர்கள் அதைக் கேட்க முடியாத தூரத்தில் இருந்தார்கள். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அரசு ஒரு கணக்குச் சொன்னது, பங்குத்தந்தையர் கையிலிருந்த பட்டியல் வேறு கணக்குச் சொன்னது. டிசம்பர் 7-ஆம் தேதி கடற்கரை மக்கள் திரண்டு வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தது வரை அந்தக் குழப்பம் தீரவில்லை. அந்த நாட்களில் கட்சி வித்தியாசமில்லாமல் ஊடகப் பொறுப்பாளர்கள் அனுப்பியதெல்லாம் ஒரே மாதிரிப் படம்: தலைவர் ஒரு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிருபர்களுக்கு வேண்டியிருந்ததோ படகின் பெயர், பதிவு எண், போன தேதி, எத்தனை பேர். அதை நீங்கள் கொடுத்தீர்கள். உங்களை யாரும் கேட்கவில்லை, தலைவருக்கு அதனால் பத்திரிகையில் ஒரு பத்திச் செய்தி கூடக் கிடைத்திருக்காது. இத்தனை வருடம் கழித்தும் ஒருவர் உங்கள் எண்ணை வைத்திருக்கிறார் என்றால் அது அந்தத் தாளுக்காக. ஊடக ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொண்டு நீங்கள் செய்யப்போகும் வேலையும் அதுவே: தெரிந்தாக வேண்டிய விவரத்தை, சரிபார்த்து, நேரத்துக்குள், கேட்கிறவர் பயன்படுத்தும்படி கொடுப்பது.

இனி மருத்துவமனை. பதினான்கு ஆண்டு அரசியல் உங்கள் கைக்கு ஒரு நடையைப் பழக்கியிருக்கும். அதை உதற ஆறு மாதம் ஆகும். என்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி, அவரும் கட்சி அலுவலகத்திலிருந்து வந்தவர், முதலில் எழுதிய செய்திக் குறிப்பை இன்னும் வைத்திருக்கிறேன். "தென்தமிழகத்தின் மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல்லாக, ஏழை எளிய மக்களின் இன்னல் போக்கும் உயரிய நோக்கோடு, நிறுவனத் தலைவர் அவர்களின் சீரிய வழிகாட்டுதலின்படி அமைக்கப்பட்ட அதிநவீன டயாலிசிஸ் பிரிவு இனிதே திறந்து வைக்கப்பட்டது." இதற்குக் கீழே முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், வாழ்த்தியவர், நன்றி கூறியவர் என்று பதினான்கு பெயர்கள். உதவி ஆசிரியர் இதைப் பார்த்ததும் முதல் நான்கு வரியை அடித்துவிடுவார், பெயர்களை அடித்துவிடுவார், மிஞ்சுவது "டயாலிசிஸ் பிரிவு திறப்பு" என்ற மூன்று வார்த்தைகள். அதையும் இடம் இருந்தால் போடுவார்.

அந்தத் தம்பியிடம் கேட்டேன்: டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் எப்படிப்பட்டவர்? வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். பகலில் மட்டும் பிரிவு திறந்திருந்தால் அவர் வேலைக்குப் போக முடியாது. இந்த மருத்துவமனை இரவு 10 மணி வரை செய்யப்போகிறது. அது குறிப்பில் எங்கேயும் இல்லை! திருத்தி எழுதியது இப்படி: "சிறுநீரக நோயாளிகள் இனி வேலை முடிந்து வந்து மாலையில் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். மார்த்தாண்டத்தில் புதிதாகத் திறந்துள்ள பிரிவு இரவு 10 மணி வரை இயங்கும்." அடுத்த வரியில் ஒருமுறைக்கு எவ்வளவு ரூபாய். அதற்கடுத்த வரியில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை செல்லுமா செல்லாதா. செல்லாது என்றாலும் எழுதச் சொன்னேன். நிர்வாகி முகம் சுளித்தார். ஆனால் அட்டையை எடுத்துக்கொண்டு குலசேகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கவுண்டரில் ஏமாந்து நிற்கிறவர் வெளியே போய்ச் சொல்லும் செய்தியை எந்த ஆலோசகரும் திருத்தி எழுத முடியாது.

விளம்பர விஷயத்திலும் அவர்களை நீங்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, மருத்துவர் தன்னை விளம்பரப்படுத்தி நோயாளிகளை இழுக்கக் கூடாது. மருத்துவர் நடத்தும் நிறுவனம் விளம்பரம் செய்யலாம், ஆனால் பெயர், எந்த வகை நோயாளிகள், என்ன வசதி, என்ன கட்டணம் என்ற அளவோடு நிற்க வேண்டும். சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. "திருவனந்தபுரத்துக்கு இணையாக" என்று எழுதச் சொல்வார்கள். இங்கிருந்து பாதிப் பேர் சிகிச்சைக்கு அங்கேதான் போகிறார்கள் என்ற ஏக்கம் அவர்களுக்கு. எழுதாதீர்கள்.

என்றாவது ஒருநாள் மருத்துவமனை வாசலில் உறவினர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பிரசவம், ஒரு அறுவை சிகிச்சை, ஏதோ ஒன்று தவறிப்போயிருக்கும். உங்கள் அரசியல் கை உடனே "மறுப்பு" என்று தலைப்புப் போடும். அங்கேதான் நான் விழுந்தேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு. ஒரு கல்வி நிறுவனத்தின் விடுதியில் மாணவர்களுக்கு வாந்தி என்று செய்தி பரவியது. நிர்வாகம் "ஒன்றுமில்லை, இரண்டு பேருக்கு அஜீரணம்" என்றது. நான் விடுதிக்குப் போகவில்லை, மருத்துவமனைக்கும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே "விஷமிகள் பரப்பும் வதந்தி" என்று எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் ஃபேக்ஸ் அனுப்பினேன். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் என் மறுப்பு அப்படியே வந்திருந்தது, ஒரு வார்த்தை குறைக்காமல். பக்கத்திலேயே நான்கு பத்தி அகலத்துக்கு ஒரு படம்: வரிசையாகப் படுத்திருக்கும் பிள்ளைகள், கையில் குளுக்கோஸ் ஊசி. அந்தச் செய்தியை எழுதிய நிருபர் என்னைத் திட்டவில்லை. இரண்டு ஆண்டுகள் என் அழைப்பை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர் ஜெரால்ட் டெர்ஹார்ஸ்ட். 1974 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளர் ஆனவர். வாட்டர்கேட் ஊழலில் பதவி விலகிய முன்னாள் அதிபர் நிக்ஸனுக்கு மன்னிப்பு வழங்கும் பேச்சு இருக்கிறதா என்று நிருபர்கள் கேட்டார்கள். உள்ளே விசாரித்தார், இல்லை என்றார்கள், அதையே வெளியே சொன்னார். செப்டம்பர் 8-ஆம் தேதி ஃபோர்டு மன்னிப்பை அறிவித்தார். அன்றே டெர்ஹார்ஸ்ட் விலகிவிட்டார். வேலையில் இருந்தது ஒரே மாதம். பிறகு பழைய பத்திரிகைக்கே திரும்பிப் பத்தி எழுதினார். 1980-களில் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் வாஷிங்டன் அலுவலகத்தில் மக்கள் தொடர்புப் பொறுப்புக்கு வந்தார். அதிபர் ஃபோர்டிடமிருந்து கார் ஃபோர்டுக்கு என்று கேலி செய்திருப்பார்கள். ஆனால் அவர் "இல்லை" என்று சொன்னால் இல்லைதான் என்று நிருபர்களுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை அவர் வேலையை விட்டு வாங்கினார். நமக்கு அவ்வளவு விலை இல்லை; நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதினால் போதும்.

ஆகவே மருத்துவமனையோடு ஒப்பந்தம் போடும்போதே ஒரு நிபந்தனை சேருங்கள். சம்பவம் நடந்தால் உங்களிடம் முழு விவரத்தையும் சொல்ல வேண்டும், நோயாளியின் மருத்துவ விவரம் எதுவும் நிருபருக்குப் போகக் கூடாது, மூத்த மருத்துவர் ஒருவர் முதலில் குடும்பத்தாரிடம் பேசிய பிறகுதான் பத்திரிகையிடம் பேச வேண்டும். இந்த வரிசை மாறினால், தன் மகளுக்கு என்ன ஆனது என்பதைத் தகப்பன் தொலைக்காட்சியில் கேட்க நேரும். இதை ஒப்புக்கொள்ளாத மருத்துவமனை வேண்டாம்.

கல்லூரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று போடச் சொல்வார்கள். போன ஆண்டு முடித்தவர்கள் எத்தனை பேர், யாருக்கு எங்கே வேலை, நியமனக் கடிதத்தின் நகல் எங்கே என்று கேளுங்கள். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுவும் அந்த ஆதாரத்தைத்தான் கேட்கும். கொடுத்தால் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேட்பாளர் விஷயம் சிக்கலானது. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: 2021-இல் தி.மு.க.வுக்கு வேலை செய்த பிரசாந்த் கிஷோரின் ஐபேக் போன்றவை செய்வது தேர்தல் உத்தி. ஆய்வு, வாக்குச்சாவடிக் கணக்கு, நூற்றுக்கணக்கான ஆட்கள். உங்களைக் கூப்பிடுகிறவர் அதையும் சேர்த்து எதிர்பார்ப்பார், ஒரு ஆளின் சம்பளத்தில். சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளரின் செலவு வரம்பு 2022-இல் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களுக்கு 40 லட்சம் ரூபாய் ஆக்கப்பட்டது. வேட்புமனு நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை செய்யும் செலவு அதற்குள் வர வேண்டும். சமூக ஊடகப் பிரசாரத்துக்கு உள்ளடக்கம் தயாரிப்பவர்களின் சம்பளமும் அதில் சேரும் என்று 2013-லேயே தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. அதாவது உங்கள் சம்பளமும் கணக்கில் காட்டப்பட வேண்டும். "அதெல்லாம் கையில் தந்துவிடலாம், அண்ணாச்சி" என்பார். அந்த வார்த்தை வந்ததும் எழுந்துவிடுங்கள்.

துண்டறிக்கை, சுவரொட்டி எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் அடித்தால் ஆறு மாதம் வரை சிறை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. தொலைக்காட்சி விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் அனுமதி வேண்டும். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையாக இருக்கலாம். தெரிந்தும் எல்லோரும் சறுக்குவது காசுக்கு வாங்கிய செய்தியில். உத்தரப் பிரதேசத்தில் உம்லேஷ் யாதவ் என்ற சட்டமன்ற உறுப்பினர், 2007 தேர்தலில் செய்தி என்ற பெயரில் வெளிவந்த விளம்பரச் செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011-இல் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அவர் பதவி போனது எல்லோருக்கும் தெரியும். அந்தச் செய்தியை எழுதிக் கொடுத்தவர் யார் என்று அந்த ஊர் நிருபர்களுக்கும் தெரிந்திருக்கும்.

என் யோசனை, முதல் ஆண்டில் வேட்பாளரை எடுக்காதீர்கள். மருத்துவமனையையும் வேட்பாளரையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டால், மருத்துவமனையின் இலவச முகாம் செய்தியை அனுப்பும்போதும் நிருபர் அதற்குப் பின்னால் வாக்கு இருக்கிறதா என்று தேடுவார்.

கட்சி அடையாளம். மறைக்க முடியுமென்று நீங்கள் நினைப்பதே எனக்கு வியப்பு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம் என்று மாநிலத்தில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. காலையில் ஒரு தமிழ்ப் பத்திரிகையும் ஒரு மலையாளப் பத்திரிகையும் சேர்த்து வாசிக்கிற வீடுகள் மேற்குப் பகுதியில் இன்றும் உண்டு. பதினான்கு ஆண்டு நீங்கள் யார் பின்னால் கோப்பு தூக்கி நின்றீர்கள் என்று எல்லோரும் படத்தில் பார்த்திருக்கிறார்கள். பயப்படவும் வேண்டாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் இங்குள்ள ஆறு தொகுதிகளை நான்கு கட்சிகள் பங்கிட்டன: காங்கிரஸ் மூன்று, தி.மு.க., அ.தி.மு.க., பா.ஜ.க. ஒவ்வொன்று. 1967-இல் விருதுநகரில் தோற்ற காமராஜரை 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில்தான் மக்களவைக்கு அனுப்பியது. மாநிலம் ஒரு பக்கம் போனால் நாம் இன்னொரு பக்கம் பார்ப்போம். அப்படிப்பட்ட ஊரில் எல்லோருக்கும் எல்லோருடைய நிறமும் தெரியும், தெரிந்தேதான் ஒன்றாக உட்கார்ந்து மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிடுகிறார்கள். உங்கள் அறிமுகத்தாளில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்: இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை இன்னாரிடம் இந்த வேலை.

நிறத்தை விட நீங்கள் அஞ்ச வேண்டியது வேறொன்று. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைப் பற்றி உங்கள் வயதுக்காரர்கள் வீட்டில் கேட்டுத்தான் வளர்ந்திருப்பீர்கள். நிலத்தகராறு, கடற்கரையில் கைகலப்பு, திருவிழாவில் ஒலிபெருக்கி என்று எந்தச் செய்தியிலும், இரு தரப்பின் மதத்தை எழுதுவதற்கு முன் அந்த ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கோபத்தில் சொல்வதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்புகிற ஆலோசகர் சென்னையில் பிழைத்துக்கொள்ளலாம். இங்கே அவர் ஆபத்தானவர்.

கட்டணம். தொகை சொல்ல மாட்டேன், கணக்குச் சொல்கிறேன். வீட்டுச் செலவு, அம்மாவின் மருந்து, பெட்ரோல், தொலைபேசி, ஒரு உதவியாளர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதை இரண்டு வாடிக்கையாளர்களே தாங்கும்படி கேளுங்கள். அப்போதுதான் மூன்றாமவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரும். ஆறு மாத ஒப்பந்தம், ஒரு மாத முன்பணம், மாதத் தொகை, எல்லாம் வங்கி வழியாக. விளம்பர முகவர்களுக்குப் பத்திரிகைகள் வழக்கமாக 15 சதவீதம் தரகு தரும். அதில் பங்கு வாங்காதீர்கள். வாங்கினால் செய்தியாகப் போகக்கூடியதையும் விளம்பரமாகவே போடச் சொல்ல மனம் வரும். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, 18 சதவீதம் வரி. மற்றதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

கவர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். வாங்குகிறவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. மாதம் முழுவதும் சொந்த பைக்கில் சொந்தப் பெட்ரோலில் அலைந்துவிட்டுப் பகுதிநேர நிருபர் வாங்கும் தொகை என்னவென்று நீங்களே மூன்று ஆண்டு பார்த்திருக்கிறீர்கள். அதனால்தான் பத்திரிகையாளர் சந்திப்பை ஊருக்கு வெளியே உள்ள பெரிய ஹோட்டலில் வைக்காமல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், 11 மணி என்றால் 11 மணிக்குத் தொடங்குங்கள், வயிறார சாப்பாடு போடுங்கள், படத்தையும் விவரத்தையும் அவர்கள் கிளம்புவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். ஒருவருடைய அரை நாளை மிச்சப்படுத்துவது கவரில் இருக்கும் நோட்டை விடப் பெரிய உதவி. கவர் கிடைக்காததால் இரண்டு பேர் வராமல் போவார்கள். போகட்டும். அம்மாவை விசாரித்த அந்த நிருபர் வருவார்.

இன்னொன்று. திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறதல்லவா? நான்கைந்து வாரம் அங்கே போய்ச் சும்மா உட்காருங்கள். இத்தனை காலம் மேடைக்குப் பின்னால் நின்று மனுக்களை வாங்கி அடுக்கியவர், இப்போது வரிசையில் நிற்கிறவர்களின் பக்கத்திலிருந்து பாருங்கள். யார் யார் எதற்கு வருகிறார்கள், மனுவை எழுதிக் கொடுப்பவர் முதல் வரியில் எதை எழுதுகிறார், எந்த மனுவைப் பார்த்ததும் நிருபர் பேனாவை எடுக்கிறார் என்பதெல்லாம் அங்கே காசில்லாமல் கற்றுக்கொள்ளலாம். பழைய ஆட்கள் பார்த்து "என்ன சார், இங்கே?" என்று கேட்பார்கள். முதல் வாரம் கூச்சமாகத்தான் இருக்கும்.

அந்தப் படகுக்காரர் எதற்காக அழைத்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. காப்பீடாக இருக்கலாம், தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் சேரும் மணலாக இருக்கலாம், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையாகவும் இருக்கலாம். இன்னும் திருப்பி அழைக்கவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் அழையுங்கள்.